முதல் வரிக்குத் திரும்பாதே, கண்ணு

இராசிபுரம்
புதன்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

உங்கம்மா நேற்று போனில் அழாத குறைதான். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மொட்டை மாடியில் தாளும் கையுமாக நடக்கிறாயாம். ஹைதராபாத் மாநாட்டில் உனக்குக் கொடுத்திருக்கும் 12 நிமிஷத்துக்காக 14 பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வரிவரியாக உருப்போடுகிறாயாம். போன வாரம் உன் துறைக் கூட்டத்தில் பாதிப் பேச்சில் ஒருவர் கேள்வி கேட்க, பேச்சு நின்றுபோய் மேடையை விட்டு இறங்கிவிட்டாய் என்றும் சொன்னாள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். நான் திறக்கப் போகிறேன். கோபித்துக்கொள்வதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

முதலில் நேரத்துக்குச் சாப்பிடு.

நீ பாதியில் நின்றது எனக்குப் புதிதில்லை. 2015 மே மாதம், அப்பாரு திதிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது உங்கப்பன் உன்னை நடுக்கூடத்தில் நிறுத்தி ஆங்கிலத்தில் பேசச் சொன்னான். பூமி சூடாவதைப் பற்றிக் கடகடவென்று பேசினாய். உன் அத்தைமாருக்கெல்லாம் வாயெல்லாம் பல். நான் குறுக்கே ஒன்றே ஒன்று கேட்டேன், நம் பக்கம் மழை குறைந்திருக்கிறதா என்று. நீ என்னைப் பார்த்து விழித்தாய். பிறகு கைகட்டி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. போன வாரம் உனக்கு நடந்ததும் அதேதான், கண்ணு. இந்த முறை முதல் வரிக்குத் திரும்பக் கூச்சமாக இருந்திருக்கும், இறங்கிவிட்டாய்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பத்தாவது வரை என் பள்ளியில் படித்தவள் நீ. பாடம் நடக்கும்போது எழுந்து நின்று "ஏனுங் சார்?" என்று கேட்டு என்னைத் திணறடித்தவள். காட்டை அடமானம் வைத்து உன்னை அந்த விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தான் உங்கப்பன். அண்ணன் தம்பி ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை, உனக்குத் தெரியும். பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருஷம் அரைத்தார்கள். தமிழில் பேசினால் அபராதம். ஆங்கிலத்திலோ கேள்வி கேட்க நேரமில்லை. 1200-க்கு 1,158 வாங்கினாய். நாமக்கல் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று ஊரார் சொன்னபோது நம் கோழித் தொழிலை இழுக்கிறார்களே என்று எனக்கு வருத்தம். ஆனால் கூண்டு, வேளைக்குத் தீவனம், எடை என்ற கணக்கு சரியாகத்தான் இருந்தது. 2017-இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. அதற்கு முன்பே நீ வெளியே வந்துவிட்டாய்.

முழுப் பழியையும் அவர்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. ஃபெயிலாகிவிடுவார்களே என்று பயந்து, பத்துக் கடிதமும் பத்துக் கட்டுரையும் மனப்பாடம் செய்ய வைத்து எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியவன்தான் நானும். பாஸ் செய்தார்கள். அதில் எத்தனை பேருக்கு ஆங்கிலத்தில் வழி கேட்க வந்திருக்கும் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் நினைத்துப் பார்க்கிறேன். இவ்வளவு பேச எனக்கு உரிமை இருக்கிறதென்றால் அதனால்தான்.

போன சித்திரையில் பண்ணையில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார். மூன்றாவது ஷெட்டில் முட்டை உடைசல் அதிகமாகி, தோல்முட்டையும் விழுந்துகொண்டிருந்தது. ஆயா உன்னிடம்தான் கேட்டார்கள், ஏம்மா இப்படி என்று. கோழிக்கு வேர்க்காது ஆயா, அதனால் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும் என்றாய். அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போய்விடும், ஓடு கட்டுவதற்கு அது வேண்டும் என்றாய். வெயிலில் தீவனமும் குறைவாக எடுக்கும், ஒரு ஓட்டுக்கு 2 கிராம் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும் என்று கேட்டாய். ஓடு கட்ட 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி ராத்திரியில்; அதனால் கிளிஞ்சலைச் சாயங்காலம் போட வேண்டும் என்றாய். ஆயா நடுவில் நாலு தடவை குறுக்கிட்டார்கள். வேர்க்காது என்றால் இறக்கைக்கு அடியிலும் வேர்க்காதா என்றுகூடக் கேட்டார்கள். ஒரு தடவையாவது நின்றாயா நீ? கிளிஞ்சலை உள்ளங்கையில் வைத்து, பொடியாக இருந்தால் சீக்கிரம் கரைந்துவிடும், குருணையாக இருந்தால்தான் ராத்திரி முழுக்க வயிற்றில் நிற்கும் என்று காட்டினாய்.

அதுதான் உன் பேச்சு. ஹைதராபாதில் வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டு வழி இருக்கிறது. எது என்று நீயே முடிவு செய், நான் வற்புறுத்தமாட்டேன். 14 பக்கத்தையும் ஒப்பித்து, ஒரு சொல் நழுவினால் அத்தனை பேர் முன்னால் அதைத் தேடிக்கொண்டு நிற்கலாம். இல்லையென்றால் ஆயாவிடம் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லலாம்.

தமிழில் நாம் வினையைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். பேச்சிலும் அப்படியே செய்கிறோம். ஆய்வின் வரலாறு, யார் யார் என்ன செய்தார்கள், எந்தக் கருவி என்று எல்லாம் சொல்லிவிட்டுப் பத்தாவது நிமிஷத்தில் விஷயத்துக்கு வருகிறோம். அதற்குள் கேட்பவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நீ வணக்கம் சொன்ன கையோடு முடிவைச் சொல்லிவிடு. கடும் வெயிலில் ஓடு மெலிகிறது, சாயங்காலம் குருணைக் கிளிஞ்சல் கொடுத்தால் உடைசல் குறைகிறது, எப்படி என்று காட்டுகிறேன். இந்த வாக்கியத்தையும் முடிக்கும் வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் வருவதை வரிசையாக ஞாபகம் வைத்தால் போதும். இரைப்பு, ரத்தம், ஓடு, கிளிஞ்சல். ஒரு கேள்வி வந்து உன்னை நிறுத்தினாலும் இந்த நாலில் எங்கே நிற்கிறாய் என்று உனக்குத் தெரியும்.

திரையில் பத்தி பத்தியாக எழுதி அதையே படிக்காதே. அவர்கள் உன்னைவிட வேகமாகப் படித்து முடித்துவிடுவார்கள். ஒரு படம், அதன் மேலே அது சொல்வது என்ன என்று ஒரு வாக்கியம். வாய் திறந்து நிற்கிற கோழியின் படம் ஒன்று கட்டாயம் வை.

உச்சரிப்பைப் பற்றி நீ பயப்படுகிறாய் என்று தெரியும். தமிழ் வாடை இருந்தால் இருக்கட்டும், கூட்டத்துக்கு வருகிற தெலுங்கருக்கும் பஞ்சாபிக்கும் அவரவர் வாடை உண்டு. பொருள் மாறுகிற இடங்களில் மட்டும் கவனம் வை. ‘ஃபீட்’ என்பது நம் வாயில் ‘பீட்’ ஆகிவிடும். கீழுதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லிப் பழகு. ‘எக்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘ய’ வந்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுத்துவிடு. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் கடைசி வரிசைக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ‘ஒன் ஃபைவ்’ என்று பிரித்துச் சொல். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டுப் பேசு. பயம் வந்தால் நம் பேச்சு வேகமெடுக்கும், உங்கப்பனுக்கும் அப்படித்தான்.

வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி நம் சேலத்தில் நகராட்சிக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று போய், அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக ஆங்கிலத்தில் வாதாடினார். அவருக்கு வெள்ளி நாக்கு என்று பேர் வைத்தது ஆங்கிலம் பேசுகிற உலகம்தான். அந்த நாக்கு பழகிய இடம் வகுப்பறை என்பது என் எண்ணம். பையன்கள் குறுக்கே குறுக்கே கேட்டால் எவனும் ஒப்பிக்க முடியாது, விளக்கித்தான் ஆக வேண்டும்.

அதனால் கேள்வி வந்தால் பயப்படாதே. கேட்டவரின் கேள்வியை உன் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல். அந்த நேரத்தில் பதில் வந்துவிடும். வராவிட்டால் அதை இன்னும் நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போ. தெரியாது என்றதற்கு மார்க் குறைக்கிற ஆள் அங்கே யாரும் இல்லை.

ரொம்பப் பேசிவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் நின்று, பிள்ளையை மிரட்டாதீங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நம் குடும்பத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் ஆள் நீ. அப்பாரு இருந்திருந்தால் சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். நீ 14 பக்கத்தையும் ஒப்பித்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, பேசவே பேசாமல் திரும்பி வந்தாலும் சரி, எங்களுக்கு நீ இன்றைக்கு இருக்கிற தங்கம்தான். எதுவும் குறையாது, அம்மிணி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெரியம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். ஆயாவையும் மூன்றாவது ஷெட்டுக்குக் கூட்டி வா, நாற்காலி போட்டு உட்கார வைப்போம். நீ ஆங்கிலத்தில் சொல், நான் ஆயாவுக்குத் தமிழில் சொல்கிறேன், ஆயா கேட்கிற கேள்வியை ஆங்கிலத்தில் உன்னிடம் கேட்கிறேன். தாளை வீட்டில் வைத்துவிட்டு வா.

உன் பெரியப்பா