முட்செடிக்கு முடிசூட்டினது யார்?

வேதபாடம்: நியாயாதிபதிகள் 9:1-21



தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், இடைசெவல், கோவில்பட்டிப் பக்கத்து ஜெபவீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்பும். "பாஸ்டர், நம்ம குடியிருப்பு பரலோகத்துல இருக்கு. இந்த உலகத்து ராஜ்யத்துக்கு நாம ஓட்டுப் போடணுமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல ஜெபவீரர்கள். பிலிப்பியர் 3:20-ஐயும் யோவான் 18:36-ஐயும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். வாக்குப்பதிவு நாளில் முழுநாள் உபவாசம் வைத்து, பூத்துக்கே போகாமல் இருந்துவிடுகிற குடும்பங்களும் உண்டு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வேதத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

வேதத்தில் ஓட்டுப்பெட்டி இல்லை. ஆனால் ஒரு தேர்தல் பிரசாரம் இருக்கிறது, அது நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரம். கிதியோன் மரித்த பிறகு அவன் குமாரன் அபிமெலேக்கு சீகேமுக்குத் தன் தாயின் ஜனத்தாரிடம் போகிறான். அவன் பேச்சைக் கவனித்தீர்களா? ஆட்சி எப்படி நடத்துவேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் உங்கள் எலும்பும் மாம்சமுமானவன் என்பதுதான் அவன் சொன்ன ஒரே தகுதி (வச. 2). சீகேமியரும் உடனே, இவன் நம்முடைய சகோதரன் என்று சாய்ந்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், "நம்ம ஆளுப்பா, விட்டுக் கொடுக்கக் கூடாது."

அடுத்து பணம். பாகால்பேரீத்தின் கோயிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு எடுத்துக் கொடுத்தார்கள் (வச. 4). அதைக்கொண்டு அபிமெலேக்கு வீணரும் போக்கிரிகளுமான ஆட்களைச் சேர்த்துக்கொண்டான். தன் சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்றுபோடப் போனான். எழுபது காசு, எழுபது தலை. ஒரு தலைக்கு ஒரு காசு விழுகிறது. அந்தக் கூட்டத்தில் இளையவன் யோதாம் மட்டும் ஒளிந்து தப்பினான்.

அவன்தான் கெரிசீம் மலையுச்சியில் ஏறி மரங்களின் கதையைச் சொல்லுகிறான். மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடி ஒலிவமரத்தினிடத்தில் போயின. எனக்கு என் கொழுமை போதும் என்றது அது. அத்திமரம் தன் மதுரத்தையும் கனியையும் விட்டு வரமாட்டேன் என்றது. திராட்சச்செடியும் அப்படியே. கடைசியில் முட்செடியிடம் போனார்கள். அது ஒரு கணமும் யோசிக்கவில்லை. வாருங்கள், என் நிழலில் வந்து அடையுங்கள் என்றது. கரிசக்காட்டு ஜனங்களுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் வேண்டாம். சீமைக்கருவேலத்தைப் பார்க்காத கண்மாய் உண்டா? அதற்கு ஏது நிழல்? பக்கத்தில் இன்னொரு செடியை வளரவிடுமா? வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கிறதை எத்தனை வருஷமாய்ப் பார்க்கிறோம்!

அந்த மூன்று நல்ல மரங்களையும் குறை சொல்ல எனக்கு முதலில் மனம் வரவில்லை. தேவனும் மனுஷரும் கனப்படுத்துகிற எண்ணெயை விட்டு நான் ஏன் அரசாளப் போக வேண்டும் என்று ஒலிவமரம் கேட்டது நியாயம்தானே? ஊழியக்காரன் ஊழியத்தை விட்டு எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ஒலிவமரம் ஒதுங்கினதால் ராஜா இல்லாமல் போகவில்லை. நாற்காலி காலியாக இருக்கவில்லை. நல்லதெல்லாம் 'எனக்கு வேண்டாம்' என்ற இடத்தில் முள் வந்து உட்கார்ந்தது. அதின் அக்கினி பின்னால் சீகேமையே பட்சித்தது. கோபுரத்துக்குள் ஒளிந்த ஆணும் பெண்ணுமாய் ஏறக்குறைய ஆயிரம் பேர் வெந்துபோனார்கள் (வச. 49). அவர்கள் எல்லாருமா அபிமெலேக்குக்குக் கைதூக்கினவர்கள்?

"பவுல் ஓட்டுப் போட்டாரா?" என்று கேட்பீர்கள். ரோமப் பேரரசில் இராயனை ஜனங்கள் தெரிந்தெடுக்கவில்லை. நீரோ ஆண்ட நாட்களில்தான் ரோமர் 13 எழுதப்பட்டது. ஆனால் தனக்கு இருந்த உரிமையைப் பவுல் விட்டுக் கொடுத்தாரா என்று பாருங்கள். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, நாங்கள் ரோமர், அவர்களே வந்து வெளியே கொண்டுபோகட்டும் என்றார் (அப். 16:37). வாரினால் கட்டினபோது நூற்றுக்கு அதிபதியிடம் தன் குடியுரிமையைச் சொன்னார் (22:25). பெஸ்துவுக்கு முன்பாக இராயனுக்கே அபயமிட்டார் (25:11). பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதின கைதான் இது!

நம் தேசத்தில் நிலைமை இன்னும் வேறு. 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசியல் சட்டம், இந்திய மக்களாகிய நாம் என்றுதான் தொடங்குகிறது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்ன வேதத்தின்படியே பார்த்தால், அந்த அதிகாரத்தில் ஒரு பங்கை உங்கள் விரலில் வைத்திருக்கிறார்கள். 1989 முதல் 18 வயதுப் பிள்ளைக்கும் அது உண்டு. அதைப் பயன்படுத்தாமல் போட்டுவைப்பது பக்தியா, தாலந்தைப் புதைப்பதா?

அரசியல் நம் வீட்டுக்குள் வருவதில்லை என்று நினைக்கிறவர்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கேட்கட்டும். 2020-ல் தீப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. ஒரே விகிதமாய் 12 சதவீதம் ஆனது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்கள் இறக்குமதியாவதற்குத் தடை வந்தது. இதெல்லாம் டெல்லியில் முடிவாகி, குச்சி அடுக்குகிற நம் சிஸ்டர்மார் கூலியில் வந்து நிற்கிற காரியங்கள்.

நம் ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் வந்த சட்டமும் ஒன்று உண்டு. 2002 அக்டோபர் 5-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, அந்த மாதமே சட்டசபையில் நிறைவேறியது. மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட அதிகாரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். எத்தனை சபைகளில் கண்ணீரோடு முழங்காலில் நின்றார்கள்! 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் இழந்தது. சில நாட்களுக்குள், மே 18-ல், அந்தச் சட்டம் வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. "உபவாசத்தால் நடந்தது" என்று ஒருவர் பிரசங்கிக்கிறார், "ஓட்டால் நடந்தது" என்று இன்னொருவர் சிரிக்கிறார். அந்தத் தேர்தலில் விவசாயிகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அவரவர் கோபம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கர்த்தர் எஸ்தரின் உபவாசத்தையும் கேட்டார், அவள் ராஜாவின் சந்நிதிக்கு நடந்துபோன கால்களையும் உபயோகித்தார். இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுக்க எனக்குத் தைரியமில்லை.

இதைச் சொன்னதும், "அப்போ கிறிஸ்தவங்க எல்லாரும் ஒரே பக்கம் போடணும்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். நம் முன்னோர்கள் அந்த வழியை யோசித்து விட்டவர்கள். பிரிட்டிஷார் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதிகள் இருந்தன. 1935 சட்டத்தில் சென்னை மாகாண சட்டசபைக்கு மட்டும் எட்டு இடம், பெண்ணுக்கு ஒன்று தனி. நம் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா, தனித்தொகுதி சபையை ஒரு அரசியல் ஜாதியாக்கிவிடும் என்று எதிர்த்தவர். சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினர் குழுவுக்குத் தலைமை தாங்கிய எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். 1949 மே மாதம் மதவாரியான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டபோது அவரும் அதற்கு உடன்பட்டு நின்றார். அயலானோடு சேர்ந்து ஒரே வரிசையில் நின்று போடுகிற ஓட்டு அப்படி வந்தது.

ஆனால் எல்லாருக்கும் வரிசை ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து ஓட்டப்பிடாரம் தனித்தொகுதி. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவனான தலித் சகோதரன் பட்டியலில் வரமாட்டான். அங்கே அவன் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் ஞானஸ்நானம் பெற்ற ஒரு சகோதரிக்கு அந்தச் சலுகையை மறுத்தது. இதைப் பேசுவது மாம்சீகம் என்று யாராவது சொன்னால், செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயிடம் போய்ப் பங்கு கேட்டதைக் காட்டுங்கள் (எண். 27). கர்த்தர் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்.

இனி பணத்துக்கு வருகிறேன். கவருக்குள் காசு வைத்து வீட்டு வாசலில் வருவது எல்லாருக்கும் தெரிந்ததே. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே அதற்கு அடைமொழியாகிவிட்டது. பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஓட்டுக்குப் பணம் கொடுத்தவன் மட்டுமல்ல, வாங்கினவனும் ஒரு வருஷம் வரை ஜெயிலுக்குரிய குற்றவாளி. வேதம் அதற்கு முன்னாலேயே பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கும் என்று எச்சரித்தாயிற்று (உபா. 16:19).

"எல்லாக் கட்சிக்கிட்டயும் வாங்கிக்கிட்டு, மனசாட்சிப்படி போட்டா என்ன பாஸ்டர்?" இதுவும் வருகிற கேள்விதான். அப்படியானால் வாங்கும்போது அவனிடம் தலையாட்டினீர்களே, அது என்ன? ஆம் என்பது ஆம் என்றிருக்க வேண்டிய வாய் அல்லவா?

இதைவிடச் சிக்கல், சத்தியம் வாங்குவது. சாமி படத்தின்மேல் மற்றவர்களிடம் கேட்கிறவர்கள், நம்மிடம் வேதாகமத்தின்மேல் கை வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்துவிட்டு, "சத்தியத்தை மீறினா சாபம் வருமா?" என்று தூக்கமில்லாமல் இருக்கிற ஏழை விசுவாசியை மிரட்டாதீர்கள். ஏரோது ஆணையிட்டான், ஆணையைக் காப்பாற்றினான், யோவான்ஸ்நானனின் தலை போயிற்று. பொல்லாத ஆணையைக் காப்பாற்றினது அவனுக்கு நீதியாக எண்ணப்படவில்லை. பதற்றத்தில் இட்ட ஆணையை உணர்ந்தவன் அறிக்கையிட வேண்டும் என்கிறது லேவியராகமம் 5-ஆம் அதிகாரம். அறிக்கையிட்டுவிட்டு, சுயாதீனமாய்ப் போய் ஓட்டுப் போடட்டும். பட்டனை அமுக்கினால் பக்கத்து மெஷினில் சின்னம் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். அதைப் பார்ப்பது நீங்கள் மட்டும். கொடுத்தவனுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வாங்கின பணத்தை என்ன செய்வது? திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கமாட்டான், வேண்டுமானால் அடுத்த கட்சிக்காரன் கூட்டிக் கொடுத்தானோ என்று சந்தேகப்படுவான்! தயவுசெய்து காணிக்கைப் பையில் மட்டும் போடாதீர்கள். யூதாசின் முப்பது வெள்ளியைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்ற கூச்சம் இயேசுவைக் கொலைசெய்யக் கொடுத்த பிரதான ஆசாரியருக்கே இருந்தது (மத். 27:6). பசித்த ஒரு வீட்டுக்கு அரிசியாய்ப் போகட்டும்.

சபை நடத்துகிற என் சகோதர ஊழியருக்கும் ஒரு வார்த்தை. "உங்க சபையில எத்தனை ஓட்டு இருக்கு பாஸ்டர்?" என்று கேட்டு ஒருவர் வருவார். பட்டா வாங்கித் தருகிறேன், ஷெட் போட்டுத் தருகிறேன் என்பார். ஆடுகள் மேய்ப்பனுக்குச் சொந்தமல்ல, விற்க. 1988-ஆம் வருஷத்து மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தல் தடைச் சட்டப்படி, ஆலயத்தை அரசியலுக்கு உபயோகித்தால் 5 வருஷம் வரை சிறை உண்டு. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தேர்தல் ஊழல் என்று 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கிச் சொன்னது. வேட்பாளர் வந்தால் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், 1 தீமோத்தேயு 2-ன்படி ஜெபியுங்கள். அடுத்த கட்சிக்காரர் வந்தாலும் அதே நாற்காலி, அதே ஜெபம்.

யாருக்குப் போடுவது என்று கேட்டால் சின்னம் சொல்லமாட்டேன். எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன அளவுகோல் யாத்திராகமம் 18:21-ல் இருக்கிறது. திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுக்கிற குணம். அந்த வசனத்தில் கோத்திரம் வரவில்லை. ஒருவரும் தேறவில்லை என்றால் 2013-லிருந்து நோட்டா பட்டன் இருக்கிறது. மனசாட்சிக்காக ஓட்டே போடாத மூத்த விசுவாசியை ரோமர் 14-ன்படி விட்டுவிடுங்கள், அவரை எள்ள வேண்டாம். அவரும் போடுகிறவரைப் பின்மாற்றக்காரர் என்னாதிருக்கட்டும்.

பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். இல்லாவிட்டால் படிவம் 6. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரையும் பாருங்கள். வாக்குப்பதிவு நாளில் தீப்பெட்டி ஆபீஸ், மில் எதுவானாலும், தினக்கூலியானாலும், சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி சொல்கிறது. 2019-ல் பெரிய வியாழனன்றே வாக்குப்பதிவு வந்தது, தேதி மாறவில்லை. ஆகையால் உபவாசக் கூடுகை வைக்கிற சபைகள் காலை ஏழு மணிக்கு எல்லாரையும் பூத்துக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு ஜெபத்தை ஆரம்பிக்கலாம். நடக்க முடியாத பாட்டிமாரை வாலிபர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.