சிவந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் முன்: 18 குறிப்புகள்

கண் சிவந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன சொட்டு விடலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: கண் இப்போது எதை எதிர்த்துப் போராடுகிறது? சிவப்பு, எரிச்சல், வீக்கம், நீர் வடிதல் எல்லாம் நோய் எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளங்கள். இதையே மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். கிருமி, மகரந்தம், வறட்சி, சுண்ணாம்பு என எது பட்டாலும் கண் சிவக்கத்தான் செய்யும். சிவப்பு ஒன்றாகத் தெரிந்தாலும் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அழற்சி அளவோடு இருந்தால் கண்ணைக் காக்கும்; அளவு மீறினால் கண்ணாடி போன்ற கருவிழியில் நிரந்தரத் தழும்பை விட்டுப்போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றுங்கள்.

1. கண்ணீரைக் கழுவித் தள்ளாதீர்கள். கண்ணீரில் எண்ணெய், நீர், சளித்தன்மையுள்ள பசை மூன்றும் உண்டு. கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற புரதமும் அதில் இருக்கிறது. அதை உலகுக்கு 1922-ல் அறிவித்தவர், பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங். திறந்த கண்ணில் ஒரு நாளைக்குப் பலமுறை குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவினால் இந்தக் காவல் கரைந்துபோகும். முகம் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டு கழுவினாலே போதும்.

2. மணல் விழுந்தது போல் அறுத்தால், வறட்சியாக இருக்கலாம். கண்ணீர் குறைந்தாலோ சீக்கிரம் ஆவியானாலோ மிஞ்சிய கண்ணீரில் உப்பு கூடுகிறது. அந்த உப்பு கண்ணின் மேற்பரப்பு செல்களை வாட்ட, அவை அபாயச் செய்தி அனுப்பி வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. வந்தவை பசை சுரக்கும் செல்களையும் சேர்த்தே அழிக்க, வறட்சி இன்னும் கூடுகிறது. 2017-ல் உலக நிபுணர்கள் கூடி உலர்கண் நோய்க்கு வகுத்த இலக்கணத்தில் அழற்சியையும் ஒரு காரணமாகச் சேர்த்தது இதனால்தான். "கண்ணில் நீர் கொட்டுகிறதே, இது எப்படி வறட்சியாகும்?" என்று தள்ளிவிடாதீர்கள். உறுத்தலைத் தாங்காமல் கண் அவசரமாகச் சுரக்கும் நீர் அது. கண்ணில் நிற்காமல் வழிந்தோடிவிடும்.

3. இமைக்க மறக்காதீர்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் நாம், கைபேசியையோ கணினியையோ பார்க்கும்போது அதில் பாதியளவுகூட இமைப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் உள்ள எதையாவது பார்த்து, மேலிமையும் கீழிமையும் ஒன்றையொன்று தொடும்படி பத்து முறை மெதுவாக இமைத்துவிடுங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை அதிகம் விரியாது. கண்ணீர் ஆவியாவதும் குறையும்.

4. காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பது, ஏசி காற்று வரும் திசையில் உட்காருவது, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வண்டி ஓட்டுவது ஆகிய மூன்றையும் மாற்றினாலே பலருக்குக் காலை எரிச்சல் குறைகிறது.

5. இமை ஓரத்துக்கு ஒத்தடம் கொடுங்கள். கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய், இமை ஓரத்தில் வரிசையாக உள்ள நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது கெட்டியாகி அடைத்துக்கொண்டால் இமை தடித்துச் சிவக்கும். கட்டி அடிக்கடி வரும். கை பொறுக்கும் வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவிவிட்டு, மயிர்க்கால்களில் ஒட்டியுள்ள செதிலை ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். தினமும் செய்தால்தான் பலன் உண்டு.

6. அரித்தால் குளிர், அடைத்தால் சூடு. ஒவ்வாமையில் முதலில் தெரிவது அரிப்பு. தூசியோ மகரந்தமோ பட்டதும் கண்ணின் வெண்படலத்தில் உள்ள மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அதனால்தான் அரிப்பும் வீக்கமும் வருகின்றன. இதற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணி நல்லது. கண்ணைக் கசக்கினால் இன்னும் பல செல்கள் வெடிக்கும், அரிப்பு இரட்டிப்பாகும்.

7. கண்ணைக் கசக்கும் பிள்ளையைத் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுதோறும் வெயில் காலத்தில் கண் அரித்துச் சிவந்து, வெளிச்சம் கூசி, நூல் நூலாகப் பீளை வந்தால் அது கோடைக்கால ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம். வெப்பமும் வறட்சியும் மிகுந்த நாடுகளில், பள்ளி வயது ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் வாலிப வயதில் தானாக அடங்கிவிடும். ஆனால் அதுவரை பல ஆண்டுகள் ஓயாமல் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துவிடும் ஆபத்து உண்டு. பிள்ளையின் கண்ணாடி பவர் அடிக்கடி மாறினால் இதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

8. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தானாக வாங்கவே வாங்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஸ்டீராய்டு, அழற்சியை அணைப்பதில் கெட்டிக்கார மருந்து. ஒரே நாளில் சிவப்பு மறையும். அதனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். சில வாரங்கள் தொடர்ந்தாலே சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வலியில்லாமல் சாகத் தொடங்கும். போன அந்தப் பார்வை திரும்பாது. நீண்ட நாள் விட்டால் இளம் வயதிலேயே கண்புரை வரும். பூஞ்சைப் புண் உள்ள கண்ணில் விட்டால், எதிர்ப்பு சக்தியின் கையைக் கட்டிவிட்டுப் பூஞ்சைக்கு வழி திறந்தது போலாகும். வாங்கிய மருந்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும் எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, கண் அழுத்தம் எப்போது பார்ப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

9. கண்ணை வெள்ளையாக்கும் சொட்டுகளைத் தவிருங்கள். இவை இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்குகின்றன, காரணத்தைத் தொடுவதில்லை. மருந்தின் வேகம் குறைந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

10. மெட்ராஸ் ஐ வந்தால் பொறுமையும் தனித் துண்டும்தான் மருந்து. பெரும்பாலும் அடினோவைரஸால் வரும் இந்தக் கண்வலி, பார்ப்பதால் தொற்றாது. கை, துண்டு, தலையணை உறை, கைபேசி வழியாகத்தான் தொற்றும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. சிவப்பு தணிந்த பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் பார்வை மங்கலாகி வெளிச்சம் கூசினால் மறுபடி மருத்துவரிடம் போங்கள். கிருமியின் எச்சத்தோடு நோய் எதிர்ப்பு சக்தி நடத்தும் சண்டையால் கருவிழியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் படிந்திருக்கலாம்.

11. வயல் வேலையில் கண்ணாடி போடுங்கள். நெல் தாள், உமி, கரும்புத் தோகை, தென்னங்கீற்று கண்ணில் கீறுவதுதான் தென்னிந்தியாவில் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதற்கு முக்கியக் காரணம். கதிர் அடிக்கும்போதும் தூற்றும்போதும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியே போதும். கீறல் பட்டால் நாக்கால் தூசி எடுப்பவரிடம் போகாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

12. சுண்ணாம்பு பட்டால் முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது பீறிட்டுக் கண்ணில் படுகிறது. சுண்ணாம்பின் காரம் திசுவுக்குள் ஊடுருவி, கருவிழி ஓரத்தில் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் மூல செல்களை அழித்துவிடும். அந்த இடத்திலேயே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் கழுவுங்கள். எலுமிச்சை போன்ற எதையும் ஊற்றாதீர்கள். இமைக்கு அடியில் ஒட்டிய துகளை எடுக்க உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

13. இலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். கிருமி நீக்கப்படாத எதுவும் புண்பட்ட கண்ணில் புதிய தொற்றைக் கொண்டுவரும்.

14. கண்ணோடு வாயும் வறண்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் சோறு விழுங்க முடியவில்லை, மூட்டு வலிக்கிறது, கண் அறுக்கிறது என்று நடுவயதுப் பெண்கள் சொன்னால் "வயசாயிடுச்சு" என்று ஒதுக்காதீர்கள். நோய் எதிர்ப்பு சக்தி கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் ஷோகிரென் நோயாக அது இருக்கலாம். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933-ல் இதை விரிவாக விவரித்தார். இதற்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சிறு காகிதப் பட்டையை இமையோரத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கண்ணீரை அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் வறட்சி கடுமை. முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கண் சிவந்து வலித்தால், அது கருவிழியை அரிக்கும் அழற்சியாகவும் இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

15. விழுங்கும் மாத்திரைகளையும் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரைகள் சில, மன அழுத்த மருந்துகள் சில, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை கண்ணை வறட்டும். இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சல்பா, வலிப்பு மருந்து, யூரிக் அமில மருந்து போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மாத்திரை போடாமல் மருந்துச் சீட்டோடு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் எனும் கடும் எதிர்வினையாக அது இருக்கலாம். உயிரைக் காக்கும் அந்த முதல் வாரத்திலேயே கண் மருத்துவரையும் வரச் சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் பார்வை மிஞ்சுவது பெரும்பாலும் அந்த நாட்களின் கவனிப்பைப் பொறுத்தது.

16. கீரையும் வைட்டமின் ஏ சொட்டும் தவறக் கூடாது. கண்ணின் மேற்பரப்பு நலமாக இருக்கவும் தொற்றை எதிர்க்கவும் வைட்டமின் ஏ வேண்டும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம், முட்டை ஆகியவற்றை வாரம் முழுக்க மாற்றி மாற்றிக் கொடுங்கள். அரசு சுகாதார மையங்களில் 9 மாதம் தொடங்கி 5 வயது வரை 9 முறை வைட்டமின் ஏ திரவம் தருகிறார்கள். குழந்தை மாலையில் தட்டுத் தடுமாறினாலோ வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டு தெரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

17. மெதுவாகப் பலன் தரும் மருந்தைப் பாதியில் விடாதீர்கள். நாள்பட்ட வறட்சியில் அழற்சியை அடக்க மருத்துவர்கள் சைக்ளோஸ்போரின் சொட்டு தருவதுண்டு. அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்ற இது, ஸ்டீராய்டு போல் கண் அழுத்தத்தை ஏற்றாது. ஆனால் முதலில் எரியும். முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுவதாக இருந்தால், பதனப்பொருள் கலக்காததாகக் கேளுங்கள். இரண்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். குப்பியின் முனை இமையைத் தொடக் கூடாது. திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதி, ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள்.

18. கண் தானம் பெற்றவர்கள் நான்கு அடையாளங்களை மறக்கக் கூடாது. சிவப்பு, கூச்சம், பார்வை மங்கல், வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். கருவிழியில் இரத்தக் குழாய் இல்லாததால்தான், கண் மருத்துவர் எட்வர்ட் சிர்மால் 1905-ல் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்ற முடிந்தது. வந்த திசுவை உடல் எளிதில் எதிர்ப்பதில்லை. ஆனால் அழற்சி மூண்டால் குழாய்கள் உள்ளே வளரும். எதிர்ப்பும் கூடவே வரும். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் அதை அடக்கிவிடலாம்.

கருவிழி மாற்று அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கும் அந்த நான்கு அடையாளங்கள் பொருந்தும். சிவப்போடு வலியோ, பார்வை மங்கலோ, வெளிச்சக் கூச்சமோ சேர்ந்தால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். வீட்டு மருந்துப் பெட்டியை இன்றே திறந்து, எப்போதோ யாருக்கோ வாங்கிய கண் சொட்டு மருந்து இருந்தால் எறிந்துவிடுங்கள். அடுத்த முறை கண் சிவக்கும்போது, காரணம் தெரிந்த பிறகே மருந்து விடுங்கள்.