சீப்பில் ஐந்து எழுத்து

காலையில் எழுந்ததும் சோப்பைத் தேடுகிறோம். சோப்பு என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. வடக்கே இந்தியில் சாபுன் என்கிறார்கள். இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அந்த வேர் ஜெர்மானியர் என்ற பழைய மக்களின் பேச்சில் இருந்தது.

யார் அந்த ஜெர்மானியர்?

ஐரோப்பா குளிர் மிகுந்த கண்டம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் தெற்கே ரோமானியர் பெரிய அரசு நடத்தினார்கள். இன்றைய ஜெர்மனி, டென்மார்க் பக்கம் ஜெர்மானியர் வாழ்ந்தார்கள். இன்றைய பிரான்ஸ், பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களிலும் ஸ்பெயினின் ஒரு பகுதியிலும் கெல்ட் மக்கள் வாழ்ந்தார்கள்.

ரோமானியர் நிறைய எழுதினார்கள். இந்த மக்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. அதனால் ரோமானியரும் கிரேக்கரும் எழுதியதே நிலைத்தது. அவர்கள் இவர்களைக் காட்டுமிராண்டிகளாகவே பார்த்தார்கள். ஒருவரைத் தாழ்த்த நினைப்பவர் முதலில் சொல்வது "அழுக்குப் பிடித்தவன்" என்பதுதானே! இல்லை என்று மறுத்து எழுத அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஆனால் அதே புத்தகங்களிலேயே வேறு சேதியும் இருக்கிறது.

டாசிட்டஸ் என்ற ரோமானியர் கி.பி. 98-இல் ஜெர்மானியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தூங்கி எழுந்ததும் அவர்கள் உடம்பைக் கழுவுவார்கள், பெரும்பாலும் வெந்நீரில் என்கிறார். வெந்நீர் சும்மா கிடைக்குமா? தண்ணீர் சுமக்க வேண்டும். விறகு வெட்ட வேண்டும். அழுக்கோடு இருக்க விரும்புகிறவர் இந்தப் பாடு படுவாரா?

சோப்பைப் பற்றி எழுதியவர் பிளினி. இவரும் ரோமானியர். கி.பி. 79-இல் இறந்தார். சோப்பு கெல்ட் மக்கள் கண்டுபிடித்த பொருள் என்கிறார் அவர். கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்தார்கள். ஆட்டுக் கொழுப்பு சிறந்ததாம். சாம்பலில் காரம் இருக்கிறது. காரமும் கொழுப்பும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். இன்றும் சோப்பின் அடிப்படை அதுதான். ஆனால் பிளினி சொல்லும் சோப்பு தலைமுடிக்குச் சிவப்பு நிறம் ஏற்றுவதற்கு! ஜெர்மானியரில் பெண்களைவிட ஆண்களே அதை அதிகம் பூசினார்களாம்.

அப்படியானால் ரோமானியர் எப்படிக் குளித்தார்கள்? உடம்பில் எண்ணெய் பூசினார்கள். பிறகு வளைந்த தகட்டால் அழுக்கைச் சுரண்டி எடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஸ்பெயினில் இருந்த கெல்ட் மக்கள் சிறுநீரால் பல் துலக்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரோமக் கவிஞர் ஒருவர் அதைக் கேலி செய்து பாட்டே எழுதினார். ஆனால் ரோம நகரத்துச் சலவைக்காரர்கள் துணி வெளுக்க எதைப் பயன்படுத்தினார்கள்? அதே சிறுநீரைத்தான். நாள்பட்ட சிறுநீரில் அழுக்கை நீக்கும் காரம் உண்டு. நாம் இரண்டையுமே செய்ய வேண்டாம்!

மண் சொன்ன சாட்சி

டயடோரஸ் என்ற கிரேக்கர் கெல்ட் மக்களின் முடியைப் பற்றி எழுதினார். சுண்ணாம்பு நீரில் தலைமுடியை அலசி, பின்பக்கமாக வாரி விடுவார்களாம். முடி குதிரைப் பிடரி போல விறைத்து நிற்குமாம். பெரிய மனிதர்கள் கன்னத்தை மழித்து, மீசையை மட்டும் வளர்ப்பார்களாம். குடிக்கும்போது பானம் மீசையில் வடிகட்டி இறங்குமாம்.

இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாமா? 2003-ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஒரு சதுப்பு நிலத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. சில சதுப்பு நிலங்களில் உடல் எளிதில் அழுகாது. அவர் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தலைமுடி அப்படியே இருந்தது. முடியை மேலே தூக்கி நிறுத்தி, ஏதோ பூசியிருந்தார். ஆய்ந்து பார்த்தார்கள். தாவர எண்ணெயும் பைன் மரப் பிசினும் கலந்த பூச்சு! அந்தப் பிசின் பிரான்ஸ் அல்லது ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி வந்தது. அப்படியானால் வசதி உள்ளவராக இருக்க வேண்டும். ஏழைக்கு ஏது அந்த அலங்காரம்?

ஜெர்மனியில் ஹோக்டார்ஃப் என்ற ஊரில் 1978, 1979-ஆம் ஆண்டுகளில் ஒரு கெல்ட் தலைவரின் கல்லறையைத் தோண்டினார்கள். அவர் கி.மு. 530 வாக்கில் வாழ்ந்தவர். பொன் நகைகளோடு ஒரு சீப்பும், சவரக் கத்தியும், நகவெட்டியும் அங்கே இருந்தன. இறந்த பிறகும் அவருக்கு அவை வேண்டும் என்று உறவினர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இனி அந்த இன்னொரு சீப்பு. டென்மார்க்கில் விமோசே என்பது ஒரு சதுப்பு நிலம். அங்கே 1865-இல் அது கிடைத்தது. கையடக்கமான சீப்பு. வயது ஏறத்தாழ 1,850 ஆண்டுகள். அதன்மேல் ஐந்து எழுத்துகள் கீறியிருக்கின்றன. அவை ரோமானியர் எழுத்து அல்ல. ஜெர்மானியர் தாங்களே உருவாக்கிக்கொண்ட எழுத்து. ரூன் எழுத்து என்று பெயர். நேர்க்கோடுகளால் ஆனது. மரத்திலும் எலும்பிலும் கீற அதுதான் வசதி.

அந்த எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சொற்களில் இதுவும் ஒன்று. கூட்டிப் படித்தால் "ஹர்யா" என்று வருகிறது. சீப்புக்கு உரியவரின் பெயர் என்கிறார்கள் சில அறிஞர்கள். போர்வீரர் என்று பொருள் என்பவர்களும் உண்டு. சீப்பு என்றே எழுதியிருக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். பெயராகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக எழுதக் கற்றவர் முதலில் எதை எழுதிப் பார்ப்பார்?