விண்வெளி ஏவுகணை நிஜமா, கதையா?

'ஸ்டெல்லாரிஸ்' கணினி விளையாட்டில் என் ஏவுகணைகளை எதிரிக் கப்பல்கள் வழியிலேயே சுட்டுத் தள்ளிவிடுகின்றன. நிஜ ஏவுகணைகளும் இவ்வளவு சோப்ளாங்கிகளா?
- ஒரு கல்லூரி மாணவர், திருப்பூர்

சுட்டுத் தள்ளுவது நிஜம்தான். அமெரிக்கக் கடற்படையின் 'ஃபாலங்ஸ்' பீரங்கி நிமிடத்துக்கு 4,500 குண்டுகள் வரை பொழிந்து, கப்பலை நெருங்கும் ஏவுகணையைச் சல்லடையாக்கிவிடும். அதைத் திணறடிக்க ஒரே நேரத்தில் கூட்டமாக ஏவ வேண்டும். உங்களுக்கும் அதே வைத்தியம்தான்: இரண்டு கப்பலில் மட்டும் ஏவுகணை வைத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

விளையாட்டு சறுக்குவது வேறு இடங்களில். ஏவுகணைக்குத் தாக்கும் தூரம் இவ்வளவுதான் என்று அதில் ஒரு வரம்பு இருக்கிறதல்லவா? பூமியில் அது சரி. வானில் பாயும் ஏவுகணையின் மோட்டார் பெரும்பாலும் சில விநாடிகளில் அணைந்துவிடும். மிச்ச வேகத்தைக் காற்று தின்றுவிடும். விண்வெளியில் தின்னக் காற்றே இல்லை. எரிபொருள் தீர்ந்தாலும் ஓட்டம் நிற்காது, திசை திருப்பத்தான் முடியாது. எதிரி கொஞ்சம் விலகினால் போதும், குறி தப்பிவிடும்.

அடுத்தது, அந்த ஆரஞ்சு நிற வெடிப்பு. காற்றில்லாத இடத்தில் அதிர்வலை பரவாது. 2019 மார்ச் 27 அன்று 'மிஷன் சக்தி' சோதனையில் இந்தியா தன் செயற்கைக்கோளை வீழ்த்தியது வெடிமருந்தால் அல்ல, நேராக மோதித்தான். விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் ஒரு கிலோ இரும்பிலேயே ஒரு கிலோ டிஎன்டியை விட அதிக ஆற்றல் இருக்கிறது.