கொல்லிமலையில் உடம்புக்கு முடியவில்லையா? யாரிடம் போவது

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவருக்கு அது போட்டோ எடுக்கிற இடம். காய்ச்சலோடு இறங்குகிறவருக்கு வழியெல்லாம் வாந்தி. அதனால் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், மலை இறங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்.

பிரஷருக்கும் சுகருக்கும் பெரும்பாலும் வேண்டாம். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வரும். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அங்குள்ள நர்சம்மாவிடம் மாதாமாதம் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். கிழவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை, வீட்டுக்குள் வந்து போகிற அவர்தான் முதலில் பிடிப்பார் என்பது என் கட்சி.

அவருக்கும் எல்லை உண்டு. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும் டாக்டர் ஹென்றி சில்வரும் தொடங்கிய செவிலியர் பயிற்சியின் வழியில் வந்தவர்கள், அங்கே தாங்களே மருந்து எழுதுகிறார்கள். இங்கே அது டாக்டர் வேலை. இரண்டு வாரம் தாண்டிய இருமலா, விட்டு விட்டு வரும் காய்ச்சலா, நேரே ஆரம்ப சுகாதார நிலையம். நாய் கடித்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. அடுத்த தேதிகளை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பிரசவத்தில்தான் நிதானம் வேண்டும். சிக்கல் இல்லையென்றால் மேலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். முந்தைய பிரசவம் ஆபரேஷன், வயிற்றில் இரட்டைப் பிள்ளை, பிரஷர், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே என்று ஏதாவது ஒன்று இருந்தாலும், வலிக்குக் காத்திருக்காதீர்கள். எப்போது இறங்குவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே தேதி கேட்டு, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "எனக்கெல்லாம் வீட்டிலேதான் ஆச்சு" என்று மாமியார் சொல்வார். அவரிடம் மல்லுக்கட்டாமல் நர்சம்மாவை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கள். அவர் பேச்சு எடுபடும்.

கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கினால், ரத்தம் போனால், யாருக்காவது நெஞ்சு வலித்தால், பாம்பு கடித்தால் நர்ஸைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம், 108. பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிறு கட்டி இறுக்காதீர்கள். உங்கள் ஊரில் செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.