மருத்துவமனைக்கு அருகே ஒரு பட்டறை

மருத்துவமனைக்குச் சென்றால் நாம் மருத்துவரைத் தேடுகிறோம், செவிலியரைத் தேடுகிறோம், மருந்துச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறோம். கையில் ஏறும் ஊசி எங்கே செய்யப்பட்டது, சலைன் சொட்டும் குழாயை யார் செய்தார் என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். மாத்திரைகளை உலகின் பல நாடுகளுக்கு விற்கும் நம் நாடு, மருத்துவக் கருவிகளில், அதிலும் விலை உயர்ந்தவற்றில், பெரும்பகுதியை இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. இந்தத் தொழில் ஒரு வட்டாரத்தில் வேரூன்றி வளர என்ன வேண்டும்? நமக்கு அண்மையிலுள்ள இரண்டு ஊர்கள் இதற்கு விடை சொல்கின்றன. ஒன்று திருவனந்தபுரம், மற்றொன்று மதுரை.

முதலில் ஒரு தொண்டை வலியிலிருந்து தொடங்குவோம். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வருவதுண்டு. அதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் என்னும் நோய் தொடர்கிறது. மூட்டுகள் வீங்கி வலிக்கும். பிறகு வலி போய்விடும். ஆனால் இதயத்தின் வால்வுகளில் அது விட்டுச் செல்லும் தழும்பு போவதில்லை. (தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்வது நலம்.) கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு பொருத்த வேண்டும். இந்நோய் பெரிதும் தாக்குவது ஏழைக் குடும்பங்களை. வால்வோ அந்நாளில் டாலர் கொடுத்து வாங்க வேண்டிய பொருள்!

திருவனந்தபுரத்தில் 1976-இல் நோயாளிகளுக்குக் கதவு திறந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் தலைவராக இருந்த டாக்டர் எம். எஸ். வலியத்தான் இதய அறுவை மருத்துவர். வால்வு கிடைக்காத நோயாளியின் நிலையை நாள்தோறும் கண்டவர். நாமே செய்தால் என்ன என்று அவர் கேட்டார். மருத்துவமனையோடு ஒரு தொழில்நுட்பப் பிரிவும் தொடங்கப்பட்டது. திருவிதாங்கூர் அரச குடும்பம் பூஜப்புரையிலுள்ள தன் அரண்மனையை அதற்குக் கொடுத்தது. ராணி வாழ்ந்த மாளிகையில் பொறியாளர்கள் கடைசல் எந்திரங்களோடு குடியேறினார்கள்.

வால்வு என்பது பார்வைக்குச் சிறு வளையமும் அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடுமே. எளிது போலத் தோன்றுகிறதன்றோ? நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கு மேல். ஓர் ஆண்டில் ஏறக்குறைய மூன்றே முக்கால் கோடி. அத்தனை முறையும் தகடு திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, முறியக் கூடாது, அதன்மேல் இரத்தம் உறையவும் கூடாது. ஒரு முறை தவறினாலும் பழுது பார்க்க உள்ளே போக முடியாது. முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. சட்டத்தின் உலோகம் ஒருமுறை கைவிட்டது. நீலமணிப் படிகத்தால் செய்த தகடு மற்றொரு முறை கைவிட்டது. நான்காவது மாதிரியில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உறுதியான உலோகச் சட்டமும், எளிதில் தேயாத ஒருவகைப் பிளாஸ்டிக் தகடும் சேர்ந்தன. எந்திரத்தில் கோடிக்கணக்கான முறை இயக்கிப் பார்த்தார்கள்; செம்மறியாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்க முன்வந்தது. இன்று வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் நம் மக்களின் நெஞ்சுக்குள் வேலை செய்யச் சென்றிருக்கின்றன.

பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது! இடையில், மூன்றாவது மாதிரியும் தோற்ற நாளில், பணம் கொடுத்தவர்கள் கைவிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடையில் போட்ட முதல் ஆறு மாதத்தில் திரும்பி வர வேண்டும் என்று எண்ணுபவர் இத்தொழிலுக்கு ஏற்றவர் அல்லர் என்பது நம் கருத்து.

அதே நிலையத்திலிருந்து பிறந்த மற்றொரு பொருள் இரத்தப்பை. முன்பு தானமாகப் பெற்ற இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைத்தார்கள். புட்டி உடையும், கழுவிக் கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்தும்போது கிருமி புகும் அச்சமும் உண்டு. பிளாஸ்டிக் பையோ ஒருமுறை மட்டும் பயன்படுவது. அதனோடு சிறு பைகள் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். பையை வேகமாகச் சுழற்றினால் சிவப்பணு அடியிலும் தெளிந்த நீர்மம் மேலேயும் பிரிகின்றன. காற்றுப் படாமலே அவற்றைத் தனித்தனிப் பைகளுக்கு மாற்றலாம். ஒருவர் தந்த இரத்தம் இரண்டு மூன்று நோயாளிகளுக்கு உதவுகிறது. இந்தப் பையின் செய்முறையைப் பெற்று 1980-களில் திருவனந்தபுரத்தில் ஆலை தொடங்கியவர், ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்து வந்த சி. பாலகோபால். அவருடைய பென்போல் நிறுவனத்தில் பின்னர் ஜப்பானின் டெருமோ நிறுவனம் பங்காளியாயிற்று. உலகில் இரத்தப்பை செய்யும் பெரிய ஆலைகளுள் ஒன்று கேரளத்தில் இருப்பதன் காரணம் இதுவே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழியன்று. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பாக்கன் என்பவர் 1949-இல் ஒரு கார் கொட்டகையில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்து வந்தார். 1957-இல் ஒரு நாள் மின்சாரம் நின்றது. சுவர் மின்சாரத்தில் ஓடிய இதயத்துடிப்புக் கருவிகளை நம்பியிருந்த குழந்தைகளை எண்ணிக் கலங்கிய டாக்டர் லில்லஹை பாக்கனிடம் முறையிட்டார். சில வாரங்களில் கையடக்கமான பாட்டரிக் கருவி வந்துவிட்டது. பழுது பார்க்கும் அந்தக் கொட்டகைதான் மெட்ரானிக் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இனி மதுரை. கண்புரைக்கு அறுவை செய்து மங்கிய வில்லையை எடுத்துவிட்டால் அதற்கு ஈடாக ஒன்று வேண்டும். முன்பெல்லாம் அறுவை முடிந்தவர்களுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலர் அதை அணிந்திருந்ததைப் பெற்றோர் அறிவர். வயல் வேலையில் அது உடைந்தால் பாட்டி மறுபடியும் குருடு. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறையை இலண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி 1949-இலேயே தொடங்கிவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த ஒருவகைப் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கண்டு அவருக்குத் தோன்றிய யோசனை அது. நாற்பது ஆண்டு கடந்தும் அந்த லென்ஸ் நம் ஏழைகளுக்கு எட்டவில்லை. விலை சுமார் 100 டாலர்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலாப் என்னும் தொழிற்கூடத்தை அமைத்தது. அமெரிக்கரான டேவிட் கிரீன் தொழில்நுட்பம் பெற்றுத் தர உதவினார். தொடக்கத்தில் லென்ஸ் சுமார் 10 டாலருக்குக் கிடைத்தது; பின்னர் இன்னும் இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கிறது.

விலை குறைந்தது எப்படி? மலிவான பொருளைப் போட்டதால் அன்று. வாங்குபவர் வீட்டு வாசலிலேயே இருந்தார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அறுவை செய்யும் மருத்துவமனை பக்கத்திலிருந்ததால் செய்த லென்ஸ் விற்குமா என்ற கவலை இல்லை. குறை இருந்தால் அறுவை மருத்துவர் அன்றே வந்து சொல்லிவிடுவார். நல்ல பொருள் செய்தும் முதல் வாங்குநர் கிடைக்காமல் நசித்துப்போகும் சிறு ஆலைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. வெளிநாட்டுப் பெயர் பொறித்த பெட்டியைத்தான் நம்புவோம் என்னும் மனப்பான்மையில் நமக்கும் பங்கு உண்டு.

அங்கே லென்ஸ் செய்பவர்களில் பெரும்பாலோர் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் என்பதை மாணவியர் கவனிக்க வேண்டும். உடல் முழுதும் மூடிய வெள்ளை உடை, முகத்தில் துணி, வடிகட்டிய காற்று வீசும் அறை. ஒரு தலைமுடி விழுந்தாலும் அந்த லென்ஸ் கழிக்கப்படும். கோலத்தில் ஒரு புள்ளி பிசகினால் கண்டுபிடிக்கும் கண்ணும் கையும் அந்த வேலைக்குப் போதிய முதலாயின.

அரசும் இப்போது இத்தொழிலுக்கு இடம் ஒதுக்குகிறது. விசாகப்பட்டினத்தில் கருவி செய்யும் ஆலைகளுக்கென்றே ஒரு தொழில் வளாகம் உண்டு. நடுவண் அரசின் 2020-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் நம் ஒரகடமும் ஒன்று. நிலமும் கொட்டகையும் வேண்டியவைதாம். எனினும், விசாகப்பட்டின வளாகத்தில் நம்மைக் கவர்வது நிலமன்று. சோதனைக் கூடங்கள் ஒரே இடத்தில் இருப்பதுதான். ஒரு கருவி மின்சாரத்தால் தீங்கு செய்யாது, உடலுக்கு ஒவ்வாததன்று, கிருமியற்றது என்று காட்டினால்தான் விற்க முடியும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் அப்படிக் கேட்கின்றன, கேட்பதும் சரியே. ஒவ்வொரு சிறு ஆலையும் இதற்கான எந்திரங்களைத் தானே வாங்குவதென்றால் கடனில் மூழ்கிவிடும். ஊருக்குப் பொதுவான நெல் ஆலை போலப் பொதுவான சோதனைக் கூடம் இருந்தால் பலரும் பிழைப்பர்.

உயிரித் தொழில்நுட்பத்திலும் பெண்களுக்கென ஓர் இடம் நம் மாநிலத்திலேயே அமைக்கப்பட்டது. இந்திய விடுதலையின் பொன்விழாவையொட்டி, டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனின் முயற்சியோடு, சென்னையை அடுத்த சிறுசேரியில் உருவான மகளிர் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா அது. தொழில் தொடங்கும் பெண்களுக்காகவே ஏற்பட்டது.

உயிரியல் எடுத்த மகள் டாக்டராக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்று கலங்கும் வீடுகளை நாம் அறிவோம். கிண்டி பொறியியல் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் என்றொரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு மேலும் படிக்க விரும்புவோருக்குச் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தின. அதில் சேரும் பொறியியல் பட்டதாரி, வகுப்பறையில் கணக்குப் போட்ட கையோடு அறுவை அரங்குக்குள்ளும் சென்று, எந்தக் கருவி டாக்டரின் கையில் இடறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கிறார்.