இரும்பில் ஒரு தச்சு வேலை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், செவர்ன் ஆற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம் உள்ளது. உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் அதுவே. எனக்கு அதன் நீளத்தையும் வயதையும் விட, அது பூட்டப்பட்ட விதம்தான் வியப்பு.

அருகிலுள்ள கோல்புரூக்டேலில் 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். காடு அழியாமலே இரும்பு பெருகிற்று. அவருடைய பேரன் மூன்றாம் டார்பி 1779-இல் இப்பாலத்தை எழுப்பினார். வரைபடம் தந்த பிரிச்சர்ட், பாவம், 1777-இலேயே காலமாகிவிட்டார்.

வளைவின் அகலம் சுமார் 30 மீட்டர். இரும்பு ஏறத்தாழ 380 டன். ஆனால் இத்தனை பெரிய வேலையை இரும்பில் செய்து பழகியவர் யார்? ஒருவருமில்லை. எனவே தெரிந்த தச்சு முறையையே கையாண்டனர். மரக் கதவு நிலையைச் சேர்ப்பதுபோல், துளையில் கழுந்தைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கினர். இந்தச் செலவால் டார்பிக்கு ஏற்பட்ட கடன் ஆயுள் முழுதும் தீரவில்லை.

1795-ஆம் ஆண்டு வெள்ளத்தில் செவர்ன் ஆற்றின் பல பாலங்கள் சேதமடைந்தன, இது நின்றது. திறந்த வளைவின் ஊடே நீர் ஓடிவிட்டது. தொல்லை வந்தது கரைகளிடமிருந்து. இருபுறமும் மண் சரிந்து பாலத்தை நெருக்கவே, 1934-இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1970-களில் ஆற்றின் அடியில் கான்கிரீட் முட்டு கொடுத்தார்கள். இன்று நடந்து செல்வோருக்கு மட்டுமே வழி.

சுங்கச் சாவடிப் பலகையை மறக்காமல் படியுங்கள்: அரச குடும்பத்தாருக்கும் கட்டண விலக்கு கிடையாது!